கட்டிலை விட்டு இறங்காதவள்

கயிற்றுக் கொட்டகையில் பெரியம்மா வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் விழுந்ததுதான். அதை அவள் திரும்ப எடுத்துக்கொண்டதாக யாருக்கும் நினைவில்லை. புருஷன் போன பிறகு அந்தக் கொட்டகையை அவள் கட்டி நிறுத்தியதே வாய்ச்சொல்லை வைத்துத்தான். நார் கொண்டுவரும் வண்டிக்காரனும் கயிறு எடுக்க வரும் படகுக்காரர்களும் அவள் சொன்னதை மறுபடி கேட்டுக்கொள்ள மாட்டார்கள். அதனால் மருமகள் இரண்டாவது முறையாக உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும், சாப்பாட்டு வேளையில் ராட்டைகள் ஓய்ந்திருந்தபோது, கொட்டகை நடுவில் வந்து நின்று அவள் சொன்னதை வேலைக்காரப் பெண்கள் சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டார்கள்.

"இந்தத் தடவை என் மருமக கட்டிலை விட்டு இறங்க மாட்டா. பிள்ளை கையில வர்ற வரைக்கும் அவ கால் தரையில படாது. அதுக்கு நான் பொறுப்பு."

அப்படிச் சொல்லவேண்டிய கட்டாயம் அவளுக்கு இருந்தது. அதைச் சொல்லப்போனால் முதல் பிள்ளையின் கதைக்குப் போகவேண்டும்.

கொட்டகை நீளமானது. ஒரு முனையில் மோட்டாரும் ராட்டைகளும். சுவிட்சைப் போட்டால் கொக்கிகள் விர்ரென்று சுற்றும். பெண்கள் இடுப்பில் நார்ப்பொதியைக் கட்டிக்கொண்டு, நுனியைக் கொக்கியில் மாட்டி, இரண்டு கையாலும் நாரை விட்டுக்கொண்டே பின்பக்கமாக நடப்பார்கள். நடக்க நடக்க நார் ஒற்றைப் பிரியாக முறுக்கேறி நீளும். மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதை அங்கே மாட்டிவிட்டு, நேராக நடந்து வந்து அடுத்ததைத் தொடங்குவார்கள். விடிந்ததிலிருந்து சாயங்காலம்வரை இதே நடைதான்.

மருமகளும் அங்கே கூலிக்கு நடந்தவள்தான். மகன் ராட்டைப் பக்கம் சுவிட்சைப் பார்த்துக்கொள்கிறவன். இவள் அவன் முகத்துக்கு நேரே கொக்கியில் நாரை மாட்டிவிட்டுப் பின்னால் போனவள். நாள் பூராவும் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தால் யாருக்குத்தான் கிறுக்குப் பிடிக்காது என்று கல்யாணப் பந்தியில் வெண்கலம் சொல்லிவிட்டுச் சிரித்தாள். வெண்கலம் என்பது அந்தக் கூலிப் பெண்ணின் பெயரில்லை, தொண்டை. அவள் மறுமுனையில் நின்று பேசினாலும் மோட்டார் சத்தத்தை மீறி இந்த முனைக்கு வந்து சேரும். பெரியம்மா அந்தக் கல்யாணத்துக்கு ஒப்பியது மகன் பட்டினி கிடந்ததால்தான். ஒப்பிய பிறகு குறை வைக்கவில்லை. ஆனால் மருமகளின் காலைப் பார்க்கும்போதெல்லாம் அது கூலி வாங்கிய கால் என்பது அவள் மனசில் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வருஷம் மழைக்கு முன்னால் படகுக்காரர்களுக்குப் பெரிய சரக்கு ஒன்று கொடுக்கவேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து வேலைக்காரப் பெண்கள் சிலர் காய்ச்சலில் படுத்தார்கள். மருமகள் அப்போது உண்டாகி நாலாம் மாதம். மாமியார், மகன், அவள் ஆகிய மூன்று பேரைத் தவிர வெளியே யாருக்கும் தெரியாது. பழகிய கால்தானே, ஒரு ராட்டையைப் பிடித்துக்கொள் என்று பெரியம்மாதான் சொன்னாள். மருமகளும் சந்தோஷமாகவே பொதியைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். இடுப்பில் அவ்வளவு நார் இருக்கும்போது வயிறு யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? சரக்கு முடியும் தறுவாயில் ஒரு மத்தியானம் அவளுக்கு ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை நிற்கவில்லை.

டாக்டரம்மா பெரியம்மாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னாள். கரு தொடக்கத்திலிருந்தே சரியாக உருவாகவில்லை, அதனால்தான் கலைந்துபோனது. நடந்ததாலோ வேலை செய்ததாலோ போகவில்லை. பெண் கண் விழித்ததும் இதை அவளிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தன்னையே நொந்துகொள்வாள் என்றாள். மருமகள் மயக்கத்தில் கிடந்தாள். மகன் மருந்துக்கடை வரிசையில் நின்றான். அந்தப் பேச்சைக் கேட்டது பெரியம்மாவின் காது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தால், கொட்டகையில் பேச்சு வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் என்றுகூடப் பார்க்காமல் வேலை வாங்கி வயிற்றைக் காலி பண்ணிவிட்டார்கள் என்று. பெரியம்மாவுக்கு உச்சந்தலையில் தீ வைத்தது போல் ஆயிற்று. அத்தனை வருஷம் ஒரு சொல் கேட்காமல் காத்த வீட்டுப் பேர். மறுநாள் சாப்பாட்டு வேளையில் கொட்டகை நடுவில் போய் நின்றாள்.

"உண்டாகியிருக்கேன்னு அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. மறைச்சு வெச்சுப் பொதியைக் கட்டிக்கிட்டு இறங்கியிருக்கா. கூலிக்கு நடந்து பழகுன காலு வீட்டுக்குள்ள நிக்குமா? நடந்தே பிள்ளையைத் தொலைச்சுட்டா."

மாடி ஜன்னலில் நின்ற மருமகள் அதைக் கேட்டாள். மகன் ராட்டைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அம்மா பேசி முடிக்கும்வரை விட்டுக்கொண்டே இருந்தான். எண்ணெய் வழிந்து தரையில் ஓடியது.

அதற்குப் பிறகு மருமகள் சண்டை போடவில்லை, அழவில்லை, பிறந்த வீட்டுக்கும் போகவில்லை. அங்கே போவதற்கு லாரி ஓட்டும் அப்பாவைத் தவிர யாருமில்லை. சமைத்தாள், பெருக்கினாள், மாமியார் கேட்டால் பதில் சொன்னாள். அந்த அமைதியைப் பெரியம்மா பணிவு என்று எடுத்துக்கொண்டாள். அவள் செய்த பிசகு அதுதான்.

இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். இவள் நடந்து ஏதாவது ஆனால் ஊர் பழைய பேச்சை எடுக்கும். அதற்காகத்தான் கட்டில் உத்தரவு. மாடி அறையில் மெத்தையை உதறிப் போட்டு, ஒரு எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் தலைமாட்டில் வைத்து, எது வேண்டுமானாலும் தட்டு, எழுந்திருக்காதே என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா கீழே இறங்கினாள்.

"சரிங்க அத்தை" என்றாள் மருமகள்.

முதல் கொஞ்ச நாள் டம்ளர் அதிகம் பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தது. டிங் டிங். தண்ணீர். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் படியிறங்கி அடுப்படிக்குள் கால் வைக்கும்போது டிங் டிங். வெந்நீராக இருந்தால் நல்லது. வெந்நீர் போனால் ஜன்னலைத் திறக்கவேண்டும். திறந்து வைத்தால், வெயில் முகத்தில் அடிக்கிறது. தலையணை சரிந்துவிட்டது. சீப்பு எட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'அத்தை', தேன் தடவியது போல. புருஷன் ஓடிவந்து செய்ய வந்தால் அவள் விடமாட்டாள். நீங்கள் ராட்டையைப் பாருங்கள், அத்தைதான் பொறுப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள் என்பாள்.

அதுவரை மருமகள் பார்த்த சமையலும் பாத்திரமும் துணியும் பெரியம்மா தலையில் விழுந்தன. வேலைக்காரர்களுக்குத் தேநீர் போடுவதும் அவளே. முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி இறங்குவதைக் கொட்டகையிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள்.

"பெரியம்மா, எங்களுக்குக் கூலி குடுத்துட்டு நீங்க எதுக்கு நடக்குறீங்க?" என்று வெண்கலம் கேட்டாள். ராட்டைகள் ஓடிக்கொண்டிருந்தும் எல்லார் காதிலும் விழுந்தது. சிரிக்காமல் இருக்க ஒருத்தி நாரை வாயில் கவ்விக்கொண்டாள்.

ஆறாம் மாதம் சுகாதார நிலையத்து நர்ஸ் ஸ்கூட்டரில் வந்தாள். குள்ளமான, குண்டான பெண். படியேறி வந்த மூச்சு அடங்குமுன்பே, யார் படுக்கச் சொன்னது என்று கேட்டாள். அத்தை என்றாள் மருமகள். ரத்தம் பட்டதா, வலி இருக்கிறதா, ஸ்கேனில் ஏதாவது சொன்னார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதுவும் இல்லை.

"அப்புறம் என்னத்துக்கும்மா இந்தக் கட்டில்?" என்று நர்ஸ் பெரியம்மா பக்கம் திரும்பினாள். "காலையிலயும் சாயங்காலமும் நடக்கட்டும். வீட்டு வேலை பார்க்கட்டும். கனமானதைத் தூக்க வேணாம், மூச்சு வாங்கினா உட்கார்ந்துக்கட்டும், அவ்வளவுதான். படுத்தே கிடந்தா சர்க்கரை ஏறும், கால்ல ரத்தம் கட்டும். பெத்தெடுக்கத் தெம்பு எங்கேருந்து வரும்? நீங்க வந்து முக்குவீங்களா?"

பெரியம்மாவிடம் அப்படி யாரும் பேசியதில்லை. ஆனாலும் நர்ஸ் போனதும், நாளையிலிருந்து மாடி வராந்தாவில் மட்டும் நட என்று மருமகளிடம் சொன்னாள். உத்தரவைத் தளர்த்துகிற பெருந்தன்மை குரலில் இருந்தது.

"மாட்டேன் அத்தை."

"என்னது?"

"நடக்க மாட்டேன். நடந்தே பிள்ளையைத் தொலைச்சவன்னு கொட்டகையில சொன்னீங்க. நான் மறைச்சேன்னும் சொன்னீங்க. அதே இடத்துல நின்னு, அதே ஆளுங்க முன்னால, அது பொய்னு சொல்லுங்க. உடனே இறங்கி வர்றேன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குரல் உயரவில்லை. பெரியம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது, இத்தனை நாள் அந்த டம்ளர் என்ன சொல்லித் தட்டிக்கொண்டிருந்தது என்று. கட்டிலுக்கு வருமுன் சமைத்ததும் பெருக்கியதும் பணிவு இல்லை. சரியான நேரம் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

பெரியம்மாவும் சும்மா விடுகிறவள் இல்லை. படுத்திருப்பவளுக்கு எதற்குக் கொட்டகை வேடிக்கை என்று அந்த ஜன்னலை ஆணி வைத்து அடைத்தாள். குழம்பில் உப்பைக் குறைத்தாள். டம்ளர் தட்டினால் உடனே போகாமல், அரிசி களைந்துவிட்டு, வாசல் தெளித்துவிட்டு, ஆற அமரப் போனாள். பிள்ளை பிறக்கட்டும், பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு இவளை எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்துகிறேன் என்று அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கறுவினாள். மருமகள் உப்பில்லாத குழம்பை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுத் தட்டைக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். குனிந்து எடுக்கவேண்டியது மாமியார்.

மகன் இருவருக்கும் நடுவில் கிடந்து அல்லாடினான். மாடிக்குப் போய், பிள்ளைக்காகவாவது நட என்று கெஞ்சினான். நான் உண்டாகியிருந்தது உங்களுக்கும் தெரியும்தானே, அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவள் கேட்டாள். கீழே வந்து அம்மாவிடம், ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டான்.

"உங்க அப்பா போனப்போ இந்தக் கொட்டகைய நாலு பேர் விலைக்குக் கேட்டாங்க" என்றாள் பெரியம்மா. "நான் தர மாட்டேன்னேன். என் சொல்லுக்கு மதிப்பு இருந்ததால போயிட்டாங்க. இன்னைக்கு நான் பொய் சொன்னேன்னு நானே சொன்னா, நாளைக்கு எந்தப் படகுக்காரன்டா என் பேச்சை நம்பிச் சரக்கெடுப்பான்? போய் மோட்டாரைப் பாரு."

எட்டாம் மாதத் தொடக்கத்தில் நர்ஸ் மறுபடி வந்தாள். போர்வையை விலக்கிப் பார்த்தாள். வலது கால் இடது காலைவிடப் பருத்திருந்தது. கெண்டைச்சதையைத் தொட்டதும் மருமகள் முகம் சுளித்தாள். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றாள் நர்ஸ். எழுந்து நின்ற மருமகளுக்கு முழங்கால் மடங்கிவிட்டது. மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர் அவளை நாற்காலியில் வைத்து ஆட்டோவரை தூக்கிவந்தார்கள்.

ரத்தம் கட்டவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. ஆனால் சர்க்கரை ஏறியிருந்தது. போன தடவை பார்த்த அதே டாக்டரம்மா. இப்படியே கிடந்தால் அடுத்த முறை இவ்வளவு லேசாகப் போகாது என்று சொல்லி மருமகளை வெளியே அனுப்பிவிட்டு, பெரியம்மாவை மட்டும் நிறுத்தினாள்.

"இந்தப் பொண்ணு நடக்கப் பயப்படுறா. போன தடவை நான் சொன்னதை அவகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றாள் பெரியம்மா.

சொல்லிவிட்டு வெளியே வந்தபோது அவளுக்குத் தன் குரலே பிடிக்கவில்லை.

திரும்பி வந்ததும் மறுபடி நாற்காலி. கொட்டகையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போகவேண்டும். பெண்கள் நாரை விட்டபடியே தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். வீங்கிய கால் நாற்காலியிலிருந்து தொங்கியது. வெண்கலம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவள் தாழ்த்திய குரல் மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற அளவு.

"அது நடந்து போச்சுன்னாங்க. இது படுத்துப் போகப் போவுது."

எந்தப் பேரைக் காப்பாற்றப் பெரியம்மா அந்தப் பொய்யைச் சொன்னாளோ, அந்தப் பேர் அன்று நாற்காலிக்குப் பின்னாலேயே ஊர் பார்க்கப் போயிற்று.

சாயங்காலம் சாப்பாட்டை அவளே மாடிக்குக் கொண்டுபோனாள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

"என்மேல உள்ள வன்மத்தைப் பிள்ளைமேல காட்டாத. எழுந்து நட."

 "பாதிதான் வன்மம் அத்தை" என்றாள் மருமகள்.

"மீதி?"

"போன வாரம் நீங்க கடைக்குப் போனப்போ எழுந்து நின்னேன். உங்கள ஜெயிச்சது போதும், பிள்ளை நல்லா இருக்கட்டும்னுதான். ஒரு அடி வெச்சேன். உங்க குரல் கேட்டுச்சு. நடந்தே தொலைச்சுட்டான்னு. அடுத்த அடி வைக்க முடியல, உட்கார்ந்துட்டேன்." வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "நான் மறைச்சேன்னு சொன்னீங்களே, அது பொய்னு எனக்குத் தெரியும். நடந்ததால போச்சுன்னு சொன்னது பொய்யா நிஜமான்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

பெரியம்மாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இங்கேயே சொல்லிவிட்டால் போதும். கதவு சாத்தியிருக்கிறது, நாலு சுவரைத் தவிர யாருமில்லை. அவள் வாயைத் திறந்ததைப் பார்த்து மருமகள் கையை உயர்த்தினாள்.

"இங்க வேணாம். இங்க சொன்னா என்னை எழுப்புறதுக்காகச் சொன்னீங்கன்னு நினைப்பேன். அங்க சொல்லுங்க. அங்க நீங்க சும்மா சொல்ல மாட்டீங்க."

பெரியம்மா எழுந்தாள். கீழே போய்ச் சுத்தியலை எடுத்து வந்து, ஜன்னலில் அடித்த ஆணியை நெம்பி எடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அவள் சாப்பாட்டு வேளைவரை காத்திருக்கவில்லை. காத்திருந்தால் மனசு மாறிவிடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். வேலை மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும்போது கொட்டகை நடுவில் வந்து நின்று, ராட்டையை நிறுத்து என்றாள்.

"பிரியெல்லாம் பாதியில நிக்குதும்மா" என்றான் மகன்.

"நிறுத்துடா."

கொக்கிகள் நின்றன. பெண்கள் அவரவர் நின்ற இடத்திலேயே நாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பாதியில் கையை விட்டால் முறுக்கு முழுவதும் அவிழ்ந்துபோகும். வாயைப் பொத்தவோ காதோடு காது பேசவோ ஒருத்தருக்கும் கை ஒழியவில்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பெரியம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள். குற்றவாளி போலக் குனிந்து நின்று பேச அவளுக்கு வராது.

"போன வருஷம் இந்த இடத்துல நின்னு ஒண்ணு சொன்னேன். என் மருமக மறைச்சான்னு. அவ மறைக்கல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ராட்டையப் பிடிக்கச் சொன்னேன்."

மோட்டார் இல்லாத கொட்டகையில் குரல் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. மாடி ஜன்னல் திறந்திருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நடந்ததால பிள்ளை போகல. கரு சரியா உருவாகலன்னு அன்னைக்கே டாக்டரம்மா சொன்னாங்க. அவகிட்ட சொல்லச் சொல்லி என்கிட்ட சொன்னாங்க. நான் சொல்லல. நேத்து மறுபடி கேட்டாங்க, சொன்னேன்னு பொய் சொன்னேன். அவ்வளவுதான்."

 வெண்கலம்கூட வாயைத் திறக்கவில்லை. பெரியம்மா வீட்டுக்குள் போய்விடத் திரும்பினாள். படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு படி, நின்று மூச்சு, அடுத்த படி.

மருமகள் சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. வெறுங்காலோடு கொட்டகைக்குள் இறங்கி, சுவரை விட்டாள். இழுத்துப் பிடித்த பிரிகளுக்கு நடுவில், யார் கையையும் பிடிக்காமல், மறுமுனையைப் பார்த்து நடந்தாள். வீங்கிய காலை இழுத்து இழுத்து வைத்தாள். கடக்கும்போது ஒருத்தி தன் பிரியை உயர்த்தி வழிவிட்டாள். பாதி தூரத்தில் நின்று, தூணில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். மகன் எழுந்து ஓடப் பார்த்தான். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மறுமுனைவரை போய்த் தூணைத் தொட்டுத் திரும்பினாள். வரும்போது கொஞ்சம் வேகம் கூடியிருந்தது.

மாமியாருக்கு எதிரே வந்து நின்றாள். உதட்டுக்கு மேலே வியர்வை அரும்பியிருந்தது.

"ஒரு வருஷம் அத்தை" என்றாள். "டாக்டர் சொன்னதை ஒரு வருஷம் உள்ள வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

 இனி இவள் அழுவாள், அல்லது காலில் விழுவாள், அல்லது கத்துவாள் என்று பெரியம்மா எதிர்பார்த்தாள். எதுவாக இருந்தாலும் அதோடு முடிந்துவிடும்.

மருமகள் ராட்டைகளின் வரிசையை ஒரு தடவை பார்த்தாள். இரண்டு கொக்கிகளில் நாரே மாட்டவில்லை.

"இன்னைக்கு ரெண்டு பேர் வேலைக்கு வரல" என்றாள். "போன வருஷம் நீங்க சொன்னப்போ அவங்க இருந்தாங்க. வந்ததும் அவங்களுக்கும் சொல்லணும். இப்படியே ராட்டைய நிறுத்திட்டு."

நாரைப் பிடித்துப் பிடித்துக் கை கடுத்தாலும் ஒருத்தியும் இறக்கவில்லை. பெரியம்மா அத்தனை முகங்களையும் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரட்டும்" என்றாள் பெரியம்மா. "சொல்றேன்."